பிள்ளை பிடிக்கிற அக்கா

அவர் பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கள் தெருவில் மீசை முளைத்த பையன்கள்தான் முதலில் ஓடி ஒளிவார்கள். சின்னக் குழந்தைகள் பயப்படாது. அவருடைய குடையையும் மஞ்சள் பையையும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும். அவருக்கு வேண்டியது பதினாறு வயதுக்கு மேற்பட்ட உருப்படிகள் என்பது குழந்தைகளுக்கே தெரிந்திருந்தது. "பிள்ளை பிடிக்கிற அக்கா வருதுடோய்" என்று ஒரு சத்தம் கேட்கும். கல்லுடைக்கப் போகாமல் வீட்டில் படுத்திருந்தவன்கூடப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் கல்லுடைக்கப் போய்விடுவான்.

திருச்செங்கோட்டுக்கு வெளியே, லாரிப் பட்டறைகளுக்கு நடுவில், ஒரு தொழிற்பயிற்சி நிலையம் இருந்தது. யாரோ புண்ணியவான்கள் சேர்ந்து நடத்தியது. வெல்டிங், பிட்டர், தையல், மோட்டாருக்குக் காயில் கட்டுவது என்று வகுப்புகள். காடு கழனி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குச் சும்மாவே சொல்லிக்கொடுத்து, மதியம் சோறும் போடுவார்கள். இப்படி ஒன்றை ஆரம்பித்தால் கூட்டம் அலைமோதும் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. அப்போது குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் பயம் ஊரில் இன்னும் ஆறவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் ஆம்பளைகள் சோளக்காட்டுக்குள் புகுந்துவிடுவார்கள். சும்மா சொல்லிக்கொடுத்து, சோறும் போடுகிறான் என்றால் அவன் எதையோ வெட்டி எடுக்கத்தான் கூப்பிடுகிறான் என்பது எங்கள் தெருவின் ஏகமனதான முடிவு. அதனால்தான் அந்த நிலையத்துக்கு ஊர் ஊராகப் போய் ஆள் சேர்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள்தான் அக்கா.

தொழில் கற்றுக்கொள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அந்த அம்மாளுக்கு ஒரு தொழிலும் தெரியாது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாது. பிட்டருக்கும் டர்னருக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால், "ரெண்டும் இரும்புதான் சாமி" என்பார். கரண்டென்றால் நடுக்கம். லைட் ஸ்விட்சைக் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. குடையின் மரப்பிடியால் எட்ட நின்று தட்டுவார். தையல் வகுப்புக்கு அத்தனை பெண்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரின் ரவிக்கையில் எப்போதும் ஒரு ஊக்கு குத்தியிருக்கும்.

சொந்த ஊர் அயோத்தியாப்பட்டணம். சேலத்துக்கு அந்தப் பக்கம். அங்கே பேசுகிற பேச்சு வேறு, எங்கள் பேச்சு வேறு. முதலில் வந்தபோது "வாம்மா", "சொல்லும்மா" என்று மொட்டையாகப் பேசியிருக்கிறார். மரியாதை தெரியாத பொம்பளை என்று யாரும் முகம் கொடுக்கவில்லை. யாரோ அவரிடம், இந்தப் பக்கம் எதற்கும் ஒரு 'ங்க' போட வேண்டும், பெரியவர் சின்னவர் எல்லாரையும் 'சாமி' என்று கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். பையை மேய வந்த ஆட்டைக்கூட, "அந்தப் பக்கம் போங்க சாமி, போங்க" என்றுதான் விரட்டுவார். ஆடு போகாது. அவரும் விடமாட்டார்.

விடமாட்டார் என்பதுதான் அவரைப் பற்றிய முழு விஷயமும். மற்றதெல்லாம் நான் வாய் ஓயாமல் பேசுகிற பழக்கத்தால் சொல்வது.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை எழுந்து போ என்று சொல்ல முடியாது. எதிரி வந்தாலும் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்ல வேண்டும். அவர்களாகக் கிளம்பும்போது, "சரிங்க, போயிட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும். இனிமேல் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே என்று மனசுக்குள் நினைத்தாலும் வாயில் வருவது 'போயிட்டு வாங்க'தான். அது வெறும் வழியனுப்பும் வார்த்தை. உலகத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அக்காவுக்கு மட்டும் தெரியாது. அல்லது தெரியாத மாதிரி இருந்தார். எங்கள் அம்மா அவரை முதல் தடவை, "என்ற புள்ளைய எங்கீங்க அனுப்பறது, வேண்டாமுங்க. போயிட்டு வாங்க" என்று அனுப்பி வைத்தாள். அடுத்த வாரம் வாசலில் குடை தெரிந்தது.

"என்னங்க மறுக்கா?" என்றாள் அம்மா.

"நீங்கதானுங்க போயிட்டு வாங்கன்னு சொன்னீங்க. போயிட்டு வந்துட்டேனுங்க."

அம்மா தண்ணீர் கொடுத்தாள். எங்கள் தெருவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் எங்கள் வீட்டுச் சொம்பை வாங்கமாட்டார்கள். இப்போதுதான் குடித்தோம் என்பார்கள். அக்கா சொம்பை அண்ணாந்து காலி பண்ணிவிட்டு இன்னொன்று கேட்டார். பிறகு உட்கார்ந்தார். உட்கார்ந்தபின் தொழில், பயிற்சி என்று ஒரு வார்த்தை பேசமாட்டார். மழை பெய்யவில்லை என்பார். சேலத்தில் மல்லிகைப்பூ விலை ஏறிவிட்டது என்பார். பொழுது சாய்ந்ததும், "அப்ப, புள்ளைய எப்பங்க அனுப்பறீங்க?" என்று கேட்டுவிட்டுக் குடையை எடுப்பார். அம்மாவுக்குப் பழக்க தோஷம். "பாக்கலாமுங்க. போயிட்டு வாங்க" என்பாள். சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

நானும் அம்மாவும் அப்போது சேகோ மில்லில் குச்சிக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தோம். மரவள்ளிக்கிழங்கில் ஜவ்வரிசி செய்கிற மில். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு என்னைக் கைவிட்டது, கிழங்கு கைகொடுத்தது. நாள் முழுக்கக் குத்த வைத்துச் சீவினால் விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிடும். அந்தப் புளித்த வாடை தலைமுடி வரைக்கும் ஏறும். கல்யாணமான பிறகும் சீவலாம், கிழவியான பிறகும் சீவலாம் என்பதுதான் அந்த வேலையில் அம்மா கண்ட நன்மை.

வீட்டில் அம்மா பிடிகொடுக்கவில்லை என்றதும் அக்கா மில்லுக்கே வந்துவிட்டார். எங்களுக்கு நடுவில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்து, "சும்மா இருக்கறதுக்கு நானும் சீவறேனுங்க" என்று ஒரு கத்தியை எடுத்தார். ஐயோ, அதை எப்படிச் சொல்வது! முழங்கை நீளக் கிழங்கை எடுப்பார், விரல் நீளம் மிச்சம் வைப்பார். தோலும் சதையுமாக எங்கள் முன்னால் குவிந்தது. மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு அம்மாவைக் கண்டபடி பேசினான். அடுத்த முறையும் அக்கா வந்தார், சீவினார். மேஸ்திரி மறுபடியும் பேசினான். மூன்றாம் முறை அவர் தூரத்தில் வரும்போதே அம்மா கத்தியைக் கீழே போட்டாள்.

"ஆத்தா, மகராசி! இவளக் கூட்டிட்டுப் போயிருங்க. எங்களுக்குக் கிழங்காவது மிஞ்சட்டும்."

இப்படித்தான் நான் தொழிற்கல்வி பெறக் கிளம்பினேன்.

என்னைத் தையலுக்கு என்று சொல்லித்தான் கூட்டிப்போனார். போனால் தையலில் மிஷின் காலி இல்லை. திரும்பிவிடலாம் என்று நான் சந்தோஷமாகப் பையைத் தோளில் மாட்டினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வகுப்பாக எட்டிப் பார்த்தார். காயில் கட்டுகிற வகுப்பில் ஒரு முக்காலி காலியாக இருந்தது. அதில் என்னை உட்காரவைத்துவிட்டார். வாத்தியார் பதறிவிட்டார்.

"ஏனுங்க, இது மோட்டாரு வேலைங்க. பொட்டப்புள்ள கரண்டுல கை வெக்கறதுங்களா?"

"நூலு சுத்தறதுக்கு பதிலாக் கம்பி சுத்தப்போவுதுங்க. சுத்தறது ஒண்ணுதானுங்களே?"

இந்த விளக்கத்தைக் கேட்டு வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அக்கா ஜன்னலோரம் பையை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் ஏற்கெனவே அடிபட்டவர் போலிருக்கிறது.

காயில் கட்டுவது என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின செப்புக் கம்பியை வெட்டி இழுத்துப் போட்டு, உள்ளே இருக்கிற பள்ளங்களில் காகிதம் வைத்து, புதுக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றி இறக்க வேண்டும். பிறகு நுனிகளை ஒன்றோடொன்று சேர்த்து, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்க வேண்டும். கம்பியின் மேல்பூச்சில் நகக்கீறல் பட்டாலும் மோட்டார் மறுபடி எரியும். பையன்கள் அவசரத்தில் கம்பியை இழுத்துக் கீறுவார்கள். எனக்கு அவசரமே கிடையாது. கிழங்கிலிருந்து தப்பித்து நிழலில் உட்கார்ந்திருந்தவளுக்கு என்ன அவசரம்? ஒரு நாள் வாத்தியார் என் காயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு குறையும் சொல்லாமல் அடுத்தவனிடம் போனார். அன்றைக்கு மதியச் சோறு எனக்கு ருசியாக இருந்தது. பிடித்துப்போயிற்று, வேறென்ன.

எல்லாருக்கும் பிடித்துவிட்டது என்று சொன்னால் அது பொய். எங்கள் தெருவில் ஒருவன் அக்காவுக்குப் பயந்து புளியமரத்தில் ஏறிக்கொண்டான். அக்கா கீழே குடையை விரித்து நின்றார். அவன் பொழுது சாய்ந்து பசியில் இறங்கினான். பிறகு வெல்டிங் படித்து, திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி கட்டுகிற பட்டறையில் சேர்ந்து, தங்கை கல்யாணத்தைத் தன் கையால் செய்தான். அவனுடைய பக்கத்து வீட்டுக்காரன் கதை வேறு. அவனையும் இப்படித்தான் பிடித்துப் போனார். அவனுக்கு வெல்டிங் வெளிச்சம் கண்ணுக்கு ஆகவில்லை, சொல்லிப் பார்த்தான். "பழகிரும் சாமி" என்று அக்கா மறுபடி மறுபடி கொண்டுபோய் விட்டார். ஒரு நாள் அவன் பெங்களூருக்கு ஓடிவிட்டான். தகவலே இல்லை. அடுத்த முறை அக்கா வந்தபோது அவன் அம்மா தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "என்ற பையன் கல்லொடச்சாலும் கண்ணு முன்னால கெடந்தானே, படுபாவி!"

அக்கா தலையில் விழுந்த மண்ணைத் தட்டிக்கூட விடவில்லை. நின்று கேட்டார். முடிந்ததும், "வாரேனுங்க" என்று சொல்லிப் போனார். அடுத்த வாரம் அந்த வீட்டுக்குத்தான் முதலில் போனார். அந்த அம்மாள் கதவைச் சாத்தினாள். அக்கா வெளியே உட்கார்ந்தார். பல வாரம் இது நடந்தது. அது இரக்கமா, வீம்பா, கிறுக்கா என்று எனக்குப் பிடிபடவில்லை. பார்க்கவே சங்கடமாக இருக்கும். பையன் பெங்களூரிலிருந்து திரும்பி வந்து, அங்கே ஓட்டலில் சப்ளையராக இருப்பதாகச் சொன்ன பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. அவனை அக்கா மறுபடி வெல்டிங்குக்குக் கூப்பிடவில்லை. அவர் விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அந்த ஒன்றுதான்.

பயிற்சி முடிந்தது. சர்ட்டிபிகேட்டும் கையுமாக நான் ஊர் வந்து சேர்ந்தேன். பக்கத்தில் மல்லசமுத்திரத்திலும் திருச்செங்கோட்டிலும் காயில் கட்டுகிற கடைகள் இருந்தன; எவனும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒருவர், இடம் பத்தாது என்றார். இன்னொருவர் கடைக்குள் ஒரு கல்யாணமே நடத்தலாம். அவர், "பொம்பளை தொட்ட காயில்ல கரண்டு சரியா நிக்காதுங்க" என்றார். கரண்டுக்கு இந்த விஷயம் தெரிந்திருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது. தனியாகச் செய்யலாம் என்றால் விவசாயி யார் மோட்டாரைக் கொடுப்பார்? மோட்டார் எரிந்தால் பயிர் காயும். பயிர் காய்ந்தால் அந்த வருஷம் போச்சு. அதை ஒரு பெண்ணிடம், அதுவும் எங்கள் தெருப் பெண்ணிடம் கொடுக்க யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை.

நான் மறுபடி கத்தியை எடுத்துக் கிழங்கு சீவப் போனேன். அந்தக் கோடைக்குள் ஒரு மோட்டாராவது கைக்கு வராவிட்டால் சர்ட்டிபிகேட்டை அடுப்பில் போட்டுவிட்டு மில்லிலேயே நிரந்தரமாக உட்கார்ந்துவிட வேண்டியது என்று அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டாள். மேஸ்திரியிடமும் பேசி வைத்துவிட்டாள். எனக்கு ராத்திரி பகல் அழுகை.

அப்போது அக்கா வந்தார். முன்பெல்லாம் காலையிலேயே வருகிறவர் அந்தக் கோடையில் உச்சி வெயிலில்தான் வந்து சேர்வார். முகம் கருத்திருந்தது. ஊக்கு மட்டும் அதே இடத்தில் இருந்தது. நான் அழுததை முழுக்கக் கேட்டார்.

"யாரு தோட்டத்துல மோட்டாரு எரிஞ்சிருக்குது?" என்றார்.

ஊருக்கு மேற்கே ஒரு தோட்டத்துக்காரர். நல்ல மனுஷர்தான், ஆனால் பிடிவாதக்காரர். வெங்காயம் போட்டிருந்தார். மோட்டார் எரிந்துவிட்டது, திருச்செங்கோட்டுக் கடைக்காரர், கைநிறைய வேலை கிடக்கிறது, இப்போதைக்கு ஆகாது என்று கைவிரித்துவிட்டார். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனார். தோட்டத்துக்காரர் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அதிலே தப்புச் சொல்ல ஒன்றுமில்லை, எனக்கே சிரிப்பு வந்தது.

உள்ளேயிருந்து காப்பி வந்தது. இரண்டு டம்ளர். ஒன்று எவர்சில்வர், இன்னொன்று அலுமினியம். எது யாருக்கு என்று யாரும் சொல்லவில்லை; சொல்ல வேண்டியதும் இல்லை. அக்கா கையை நீட்டி அலுமினிய டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டார். தெரிந்து எடுத்தாரா, கவனிக்காமல் எடுத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மிச்சம் இருந்ததை நான் எடுத்துக்கொண்டேன். காப்பி நன்றாக இருந்தது.

"சரிங்க, போயிட்டு வாங்க" என்றார் தோட்டத்துக்காரர். பாவம், அவருக்கு அக்காவைப் பழக்கமில்லை.

மறுநாள் போனோம். அதற்கு மறுநாளும் போனோம். வெங்காயத்தாள் நுனி பழுக்க ஆரம்பித்திருந்தது. அவர் கட்டிலிலிருந்து எழுந்து நின்று கத்தினார்.

"ஏனுங்கம்மிணி, இருக்கற மோட்டாரையும் இந்தப் புள்ள எரிச்சுப்போட்டா என்னுங்க பண்ணறது?"

"எரிஞ்சது எரிஞ்சிட்டுதுங்க சாமி. இதுக்கு மேல எரிக்க இந்தப் புள்ளையால ஆகாதுங்க."

அவருக்குப் பேச்சில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தது; எங்கே என்று தெரியவில்லை. மோட்டார் மாட்டுவண்டியில் ஏறி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

கட்டினேன். சோறு தண்ணி மறந்து கட்டினேன். வார்னிஷ் ஊற்றி எங்கள் ஊர்க் கோடை வெயிலில் வைத்தேன். அதைவிட நல்ல அடுப்பு எந்தக் கடையிலும் இல்லை. மோட்டாரைக் கிணற்றுமேட்டுக்குக் கொண்டுபோய் பம்பில் மாட்டினோம். ஊரே வந்து நின்றது. கோயிலில் கூழ் ஊற்றுகிறபோதுகூட அத்தனை பேர் வந்ததில்லை. அக்கா தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து, மடியில் கட்டியிருந்த கடலையை உரித்துக்கொண்டிருந்தார்.

ஸ்டார்ட்டரைத் தள்ளினேன். மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றியது. குழாய் வாயில் தண்ணீர் வரவில்லை. கொஞ்சம் வடிந்தது, அவ்வளவுதான்.

"அடே, பின்னால சுத்துதுடா!" என்றான் ஒருவன். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஆமாம், மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"பொட்டப்புள்ள கட்டுன மோட்டாரு பின்ன எந்தப் பக்கமாச் சுத்தும்?"

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. ஆம்பளை கட்டின மோட்டாரும் முதலில் பின்னால் சுற்றுவது உண்டு. ஆனால் அப்போது யாரும் மோட்டாரைப் பார்த்துச் சிரிப்பதில்லை. எனக்குப் படித்ததெல்லாம் தலையை விட்டு ஓடிவிட்டது. நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடலாம் என்றால் வரப்புக்குப் போகிற வழியில் அந்தத் தொட்டி மேல்தான் அக்கா உட்கார்ந்திருந்தார். தோட்டத்துக்காரர் வெங்காயத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சிரிக்கவில்லை.

அக்கா கடலைத்தோலை ஊதிவிட்டுக் கேட்டார்: "ஏஞ் சாமி, அந்தப் பக்கம் சுத்தினா மோட்டாரைத் தூக்கி இந்தப் பக்கமாத் திருப்பி வெச்சிட்டா ஆவாதுங்களா?"

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! அத்தனை பேர் முன்னால் என் மானத்தை வாங்குகிறாரே என்று கத்தினேன்.

"மோட்டாரையெல்லாம் திருப்பக் கூடாதுங்க அக்கா! மூணு ஒயர்ல ரெண்ட எடம் மாத்திக் குடுத்தாப் போதுமுங்க!"

சொன்னபிறகுதான் என் காதில் விழுந்தது.

"அப்ப மாத்து" என்றார் அக்கா. இன்னொரு கடலையை உரித்தார்.

கரண்டை நிறுத்தி, இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தேன். ஸ்டார்ட்டரைத் தள்ளினேன். தண்ணீர் குழாயை முட்டிக்கொண்டு வந்து தொட்டியில் விழுந்தது. மேலே உட்கார்ந்திருந்த அக்காவின் புடவை தொப்பலாகிவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டார். தோட்டத்துக்காரர் வாய்க்காலோடு ஓடி மடை திருப்பிவிட்டு, சேறும் காலுமாகத் திரும்பி வந்தார்.

"ஏம் புள்ள, என்ற மச்சாந் தோட்டத்துலயும் ஒண்ணு எரிஞ்சு கெடக்குது. பாக்கறயா?"

அன்றைக்கு விட்டதுதான் கிழங்கு.

மோட்டார்கள் வர ஆரம்பித்தன. மல்லசமுத்திரத்தில் சின்னதாக ஒரு கடை பிடித்தேன். அம்மா மில்லுக்குப் போவதை நிறுத்திவிட்டு, கடை வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களிடம், "என்ற புள்ளதானுங்க கட்டறது" என்று கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் பார்க்க அக்கா ஒரு தடவைகூட வரவில்லை. வேலை நடந்துவிட்டது, இனி நான் எதற்கு என்று இருக்கிறார் போலும் என்று நினைத்துக் கொஞ்சம் கோபப்பட்டேன். பிறகு பொறுக்கவில்லை. ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டுப் பயிற்சி நிலையத்துக்கே போய், மேனேஜரிடம் அக்கா எங்கே என்று கேட்டேன்.

"அந்தம்மாவை நிறுத்தி ரொம்ப நாள் ஆவுதேம்மா. போன தைக்கு முன்னாடியே" என்றார். "தொழில் படிச்சவங்களத்தான் வெச்சுக்கோணும்னு மேல சொல்லிட்டாங்க. அவங்களுக்கு என்ன தெரியும், சொல்லு?"

தோட்டத்துக்காரர் வாசலில் எனக்காக அக்கா உட்கார்ந்தது அந்தத் தைக்குப் பிறகு வந்த சித்திரையில். கணக்கில் பெயிலானவள்தான், ஆனாலும் இது புரிந்தது. அந்த நாளெல்லாம் அவருக்கு வேலையே இல்லை. எங்கள் ஊருக்கு அவரை யாரும் அனுப்பவில்லை. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து பஸ் மாறி பஸ் மாறி உச்சி வெயிலில் வந்து, பிழைப்பே இல்லாத மனுஷி எனக்குப் பிழைப்பு கேட்டு ஒருத்தர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடேயே பஸ் ஏறினேன்.

அயோத்தியாப்பட்டணத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரே அறை உள்ள வீடு. அக்கா தரையில் உட்கார்ந்து, ஏதோ கடைக்காரருக்காகப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வா சாமி. மோட்டாரெல்லாம் முன்னாலதான சுத்துது?"

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"எத?"

"வேல போனத."

"அதச் சொல்லி என்ன ஆவப்போவுது" என்றார். ஒரு கொட்டையைப் பிதுக்கினார்.

"என்ற கடைக்கு வாங்க. எனக்கு ஒரு ஆள் வேணுமுங்க."

அக்கா சிரித்துவிட்டார். "எனக்கு என்ன தெரியும் சாமி? ஸ்விட்சு போடவே தெரியாது."

"கத்துக்கலாமுங்க."

"இந்த வயசுலயா?"

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. தெருவே கேட்கும்படி கத்தினேன். "எங்க எல்லாரையும் ஊடு ஊடா வந்து புடிச்சீங்களே அக்கா. மரத்து மேல இருந்தவனக்கூட விடல. உங்களப் புடிக்க ஒருத்தருங்கூடவா வரல?"

அக்கா கையில் இருந்த புளியைப் பார்த்தார். நான் ஏதோ விவரம் கேட்டதாகத்தான் எடுத்துக்கொண்டார். நிதானமாக யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"யாரும் வரல சாமி."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நான் வந்திருக்கறேனுங்க. பொடவைய மாத்துங்க. கடைசி வண்டி போயிரும்" என்றேன்.

இல்லை என்பார், பார்க்கலாம் என்பார், அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் வந்து உட்கார வேண்டியிருக்கும் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மறைப்புக்குப் பின்னால் போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு, குடையோடு வந்து நின்றார். ஒரே ஒரு தடவை கூப்பிட்டதற்கே கிளம்பிவிட்டார். எங்கள் அம்மா அளவுக்குக்கூட அவருக்குப் பிகு பண்ணத் தெரியவில்லை.